சில்லுக்கும் உண்டு பிழைதிருத்தம்

பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'பிழைதிருத்தம்' என்ற தலைப்புடன் ஒரு பட்டியல் இருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பக்கம் இன்னது, வரி இன்னது, பிழை இது, திருத்தம் இது என்று பதிப்பாசிரியரே அச்சிட்டுச் சேர்த்திருப்பார். அந்தப் பட்டியலைக் கண்டு யாரும் புத்தகத்தை வீசி எறிந்ததில்லை. "பொறுப்புள்ள மனிதர்; குற்றத்தை மறைக்காமல் சொல்லிவிட்டார்" என்று மெச்சிக்கொண்டு, பேனாவை எடுத்துத் திருத்திக்கொள்வதே வழக்கம். இரண்டாம் பதிப்பு வரும்போது பழைய பிழைகள் நீங்கியிருக்கும். புதிதாக இரண்டொன்று முளைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டருக்கு மூளை போன்றது பிராஸசர் என்னும் சில்லு. அதுவும் இவ்விதமே பதிப்புப் பதிப்பாக வெளிவருகிறது. அதற்கும் உற்பத்தியாளரே வெளியிடும் பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. புத்தகமானால் பதிப்பு எண்ணை முதல் ஏட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். சில்லின் பதிப்போ பொடி எழுத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கும். தேடத் தெரிந்தவருக்கே அது அகப்படும்.

இந்த விஷயத்தைப்பற்றி வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தவர்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். 2019-ல் பழைய வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை தனி ஜில்லாவாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவில் சேர்ந்தன. ஜில்லாக்கள் மூன்றானாலும் பாலாற்றங்கரையின் தோல் தொழில் ஒன்றுதான். அந்தத் தொழிலில் இன்று கம்ப்யூட்டர் நுழையாத இடம் இல்லை. பூட்ஸின் மேல்தோலை எப்படி வெட்டுவது என்று வரைவது அதிலே; கப்பலில் ஏறும் சரக்குக்குப் பட்டியல் போடுவது அதிலே; கணக்கு எழுதுவதும் அதிலே. வீட்டிலோ, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த மறுநாளே கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். வேலூர்க் கடைகளில் விலை விசாரித்துவிட்டு, காட்பாடியிலோ ஆம்பூரிலோ ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய சாமானாக வாங்கி வருகிறவர்களும் உண்டு. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பல மாதச் சேமிப்பு.

அப்படிப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் இரண்டே. "என்ன பிராஸசர்?" என்பது ஒன்று, "என்ன விலை?" என்பது மற்றொன்று. "எந்தப் பதிப்பு?" என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலர். அந்த மூன்றாவது கேள்வியைப்பற்றியே இங்கு எழுத உத்தேசித்தோம்.

தரம் வேறு, பதிப்பு வேறு

தோல் வியாபாரம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே நாளில், ஒரே டிரம்மில் பதனிட்ட தோல்களை வெளியே எடுத்து மேஜைமேல் விரித்துப் பார்க்கிறார்கள். ஒன்றில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும். ஒன்றில் முள் கீறியிருக்கும். ஒன்றில் உரித்தபோது பட்ட கத்தி வெட்டு தெரியும். மாசு மறுவற்ற தோல் பூட்ஸின் மேற்புறத்துக்குப் போகிறது. மற்றவை தத்தம் யோக்கியதைக்கு ஏற்ற காரியங்களுக்குப் போகின்றன. இதற்குத் தரம் பிரித்தல் என்று பெயர்.

சில்லுத் தொழிலிலும் இதே வேலை நடக்கிறது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கன் தகட்டில் ஏராளமான சில்லுகளை ஒரே சமயத்தில் உருவாக்குகிறார்கள். பிறகு அவற்றை அறுத்தெடுத்துப் பரீட்சை செய்கிறார்கள். வேகமாக ஓடினது உயர்ந்த பெயருடனும் உயர்ந்த விலையுடனும் வெளிவருகிறது. ஒரு பகுதி பழுதாயிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அடைத்துவிட்டுக் குறைந்த பெயரில் விற்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை. இந்தத் தர வித்தியாசத்தைச் சில்லின் பெயரே சொல்லிவிடும்.

பதிப்பு என்பது வேறு சங்கதி. அதே ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டையில் பதனிட்டால் ஒரு மாதிரி. குரோம் உப்பில் பதனிட்டால் வேறு மாதிரி. செய்முறையே மாறிவிடுகிறது. அதுபோலச் சில்லின் வரைபடத்தையே திருத்தி மறுபடியும் அச்சடிக்கும்போது புதுப் பதிப்பு பிறக்கிறது. தொழில்துறையில் இதை 'ஸ்டெப்பிங்' என்பார்கள். பெரும்பாலும் பெயர் அதேதான், விலையும் அதேதான், உள்ளே இருப்பது மட்டும் வேறு.

இந்தப் பதிப்புகளை ஓர் எழுத்தாலும் ஓர் எண்ணாலும் குறிப்பது வழக்கம். முதலில் வருவது ஏ-0. சில்லு அடுக்கடுக்காக அமைவது. அடியில் டிரான்சிஸ்டர்கள், அவற்றுக்கு மேலே அவற்றை இணைக்கும் உலோகக் கம்பிகள். மேல் அடுக்குக் கம்பிகளை மட்டும் மாற்றினால் எண் ஒன்று கூடி ஏ-1 ஆகிறது. அடி முதல் முடி வரை மாற்றினால் எழுத்தே மாறி பி-0 ஆகிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தோடு ஒப்பிட்டால், முன்னது பாரத்தில் நாலைந்து எழுத்துக்களைப் பிடுங்கி வேறு வைப்பதுபோல. பின்னது புத்தகம் முழுவதையும் புதிதாக அச்சுக் கோப்பதுபோல. பின்னதற்குப் பணமும் காலமும் மிகுதியாகும். ஆகையால் சிறிய பிழைகளுக்காக உற்பத்தியாளர் அதில் இறங்குவதில்லை. பிழைதிருத்தப் பட்டியல்களில் பல பிழைகளுக்கு எதிரே 'திருத்தும் உத்தேசமில்லை' என்றே போட்டிருக்கும்!

முதுகில் ஒப்புதல் சுமந்த சில்லு

இன்டெல் கம்பெனி 1985-ல் 386 என்ற பிராஸசரை வெளியிட்டது. ஒரே வீச்சில் 32 பிட் அகலமுள்ள எண்களைக் கையாளும் என்பது அதன் பெருமை. 1987-ல், அவ்வளவு பெரிய எண்களைப் பெருக்கும்போது சில சில்லுகள் தப்பு விடை தருவதாகத் தெரியவந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? சில்லுகளைச் சோதித்தது. தேறியவற்றின் முதுகில் கிரேக்க எழுத்தாகிய சிக்மாவை இருமுறை பொறித்தது. தேறாதவற்றில் '16 பிட் மென்பொருளுக்கு மட்டும்' என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தைப் பொறித்து விற்றது. அந்தக் காலத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் 16 பிட்டுக்கே எழுதப்பட்டவையாகையால் வாங்கியவர்களுக்கும் நஷ்டமில்லை. தழும்புள்ள தோலைத் தழும்புள்ள தோல் என்று சொல்லி விற்பதைப்போல நேர்மையான காரியம் அது.

அதே கம்பெனி ஏழு ஆண்டுகளுக்குப் பின் வேறு விதமாக நடந்துகொண்டது. 1993-ல் வெளிவந்த பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்குக்கென்று ஓர் அட்டவணை பொதிந்திருந்தது. நாம் வாய்ப்பாட்டைப் பார்த்து வகுப்பதைப்போல அந்தச் சில்லும் அட்டவணையைப் பார்த்து வகுக்கும். அதில் இருந்திருக்க வேண்டிய ஐந்து பதிவுகள் விடுபட்டுப் போயின. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் போதித்த தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர், இரட்டைப் பகா எண்களைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது விடைகள் ஒத்துவராததைக் கவனித்தார். மாதக்கணக்கில் சோதித்து, பிழை தம்முடையதல்ல, சில்லினுடையதே என்று நிச்சயித்துக்கொண்டு, 1994 அக்டோபரில் செய்தியை வெளியிட்டார்.

இப்பிழையை நம் பள்ளிப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளலாம். 4195835 என்ற எண்ணை 3145727 ஆல் வகுத்து, வந்த ஈவை மறுபடியும் 3145727 ஆல் பெருக்கி, கிடைத்ததை முதல் எண்ணிலிருந்து கழித்தால் என்ன வரவேண்டும்? ஆறாம் வகுப்பு மாணவன் 'பூஜ்யம்' என்று சொல்லிவிடுவான். பிழையுள்ள பென்டியம் 256 என்று சொல்லிற்று!

சாதாரண உபயோகத்தில் இப்பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறையே தலைகாட்டும் என்று கம்பெனி முதலில் சமாதானம் கூறியது. தேவை உண்டென்று நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றுச் சில்லு என்றும் சொல்லிப் பார்த்தது. ஜனங்கள் விடவில்லை. கடைசியில் 1994 டிசம்பர் 20-ஆம் தேதி, கேட்டவருக்கெல்லாம் கேள்வியின்றி மாற்றித் தருவதாக அறிவிக்க நேர்ந்தது. இதற்காகக் கம்பெனி ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். பிழைக்காக ஜனங்களுக்கு வந்த கோபம் கொஞ்சம். பிழையை முன்பே அறிந்தும் வாய்மூடி இருந்ததற்காக வந்த கோபமே அதிகம்.

ஒரே பெயரில் இருவர்

2007 நவம்பரில் ஏ.எம்.டி. கம்பெனியின் பினாம் சில்லு வந்தபோது, அதன் பி-2 பதிப்பில் நினைவக முகவரிகளைக் குறித்து வைக்கும் பகுதியில் ஒரு குறை கண்டார்கள். அபூர்வமான சந்தர்ப்பங்களில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். பயாஸ் வழியாக ஒரு மருந்து கொடுத்தார்கள். குறை நீங்கிற்று, வேகமும் கணிசமாகக் குறைந்தது. 2008 மார்ச்சில் குறை திருத்திய பி-3 பதிப்பு வந்தது. பழைய 9500, 9600 என்ற எண்களுக்குப் பதிலாக 9550, 9650 என்று கடைசியில் ஐம்பதைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். கடையில் நிற்பவர் ஒரு பார்வையிலேயே வேற்றுமையை அறியலாம். இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

எல்லோரும் இவ்வளவு தயவு காட்டுவதில்லை. இன்டெலின் கோர் 2 குவாட் கியூ6600 என்ற சில்லு 2007 ஜனவரியில் பி-3 பதிப்பாக வந்தபோது அதற்குக் குறித்த வெப்ப அளவு 105 வாட். அதே ஆண்டின் நடுவில் ஜி-0 பதிப்பு வந்தது; அதற்கு 95 வாட். பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மூடியின்மேல் உள்ள ஐந்தெழுத்துக் குறியில், ஒன்றில் எஸ்.எல்.9.யு.எம். என்றும் மற்றொன்றில் எஸ்.எல்.ஏ.சி.ஆர். என்றும் இருந்ததுதான் அடையாளம். பத்து வாட் ஒரு பிரமாதமா என்று குளிர்தேசத்தார் கேட்கலாம். வேலூர்க் கத்திரி வெயிலில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அண்மையில் வந்த உதாரணம் இன்னும் விசித்திரமானது. கோர் ஐ5-13400 என்ற ஒரே பெயரில் இரண்டு வகைச் சில்லுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று புதிய தலைமுறை வரைபடத்தில் உருவான பி-0; மற்றொன்று முந்திய தலைமுறை வரைபடத்தில் உருவான சி-0. அகர வரிசையில் பின்னால் வருவது புதியது என்று நினைத்தால் இங்கே ஏமாந்து போவோம். எழுத்து வரிசை ஒரே வரைபடத்துக்குள் மட்டுமே செல்லும். ஒரு நூலின் மூன்றாம் பதிப்பையும் வேறொரு நூலின் இரண்டாம் பதிப்பையும் ஒப்பிட்டு எது புதியது என்று சொல்ல முடியாதல்லவா?

மருந்தால் தீர்வதும் தீராததும்

எல்லாப் பிழைக்கும் புதுப் பதிப்பு வேண்டுவதில்லை. பிராஸசருக்குள்ளே 'மைக்ரோகோடு' என்று ஓர் உள்ளுறைக் கட்டளைத் தொகுதி இருக்கிறது. அதைத் திருத்திப் பல குறைகளை மறைக்கலாம். ஆனால் இத்திருத்தம் சில்லில் நிலையாகப் பதிவதில்லை. மின்சாரம் போடும் ஒவ்வொரு தடவையும் பயாஸோ, விண்டோஸ், லினக்ஸ் முதலிய அடிப்படை மென்பொருளோ அதை மறுபடியும் ஓதிக் கொடுக்க வேண்டும். ஆகவே பயாஸைப் புதுப்பிக்காத பழைய கம்ப்யூட்டருக்குத் திருத்தம் போய்ச் சேராமலே இருக்கலாம்.

இதன் முக்கியத்துவம் 2024-ல் தெரிந்தது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் மேல்ரகங்கள் சில, நாளடைவில் தடுமாறத் தொடங்கின. தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சில்லு கேட்டு வாங்கிக்கொள்வதே காரணம் என்று கம்பெனி 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டு முதல் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஒரு விஷயத்தையும் கம்பெனி தெளிவாகச் சொல்லிற்று: இம்மருந்து வருமுன் காப்பது, முன்பே கெட்டுப்போன சில்லை இது குணப்படுத்தாது. இத்தகைய சில்லைப் பழைய சாமானாக வாங்குகிறவர், அது எவ்வளவு காலம் மருந்தில்லாமல் ஓடிற்று என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. எனவே மீதமுள்ள உத்தரவாதக் காலமே அவருக்குத் துணை.

வாங்குகிறவர் செய்யவேண்டியவை

முதலாவது: சில்லின் பெயரோடு, பெட்டியிலும் உலோக மூடியிலும் உள்ள குறியையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்டெல் சில்லானால் 'எஸ்' என்று தொடங்கும் சிறு குறி, ஏ.எம்.டி. சில்லானால் நீண்ட உருப்படி எண். கம்பெனியின் இணையதளத்தில் இவற்றைக்கொண்டு விவரம் அறியலாம்.

இரண்டாவது: ஓடுகிற கம்ப்யூட்டரை வாங்குவதானால், பணம் கொடுக்குமுன் கடையிலேயே பதிப்பைப் பாருங்கள். விண்டோஸில் சி.பி.யு.-இஸட் என்ற இலவச மென்பொருள் ஸ்டெப்பிங் எண்ணைக் காட்டிவிடும். லினக்ஸில் எல்.எஸ்.சி.பி.யு. என்ற கட்டளை போதும். சில்லே தன் வாயால் சொல்வது இது.

மூன்றாவது: மதர்போர்டு இந்தச் சில்லை ஏற்குமா என்று கேளுங்கள். சாக்கெட் ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. ஏ.எம்.4 சாக்கெட்டில் 2017-ல் வந்த பலகைகள், 2020-ல் வந்த ரைஸன் 5000 வரிசையைப் பயாஸ் புதுப்பிக்காமல் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிரச்னை பலமானதால், தவித்தவர்களுக்குப் பழைய சில்லு ஒன்றை இரவல் கொடுத்து உதவும் ஏற்பாட்டை ஏ.எம்.டி. வைத்திருந்தது.

நான்காவது: பெட்டியில்லாமல் தனியாக விற்கும் 'ட்ரே' சில்லு விலை மலிவு. ஆனால் இன்டெல் நேராக உத்தரவாதம் கொடுப்பது பெட்டிச் சில்லுக்கே. தனிச் சில்லுக்கு விற்றவர்தான் பொறுப்பு. அவர் நாளைக்கும் அதே கடையில் இருப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: சீரியல் எண் குறித்த ரசீது வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஜில்லா ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், வாய்வார்த்தையைவிட அந்தக் காகிதம் நன்றாகப் பேசும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பதிப்பு வித்தியாசம் எல்லாமே பயப்படத்தக்கவை அல்ல. கணக்கு எழுதவும், கடிதம் அடிக்கவும், பிள்ளைகளின் பாடத்துக்கும் வாங்குகிற கம்ப்யூட்டரில் பெரும்பாலான பிழைகள் ஆயுளில் ஒரு தடவையும் தலைகாட்டமாட்டா. பதிப்பைத் தெரிந்துகொண்டு, அதன் பிழைகளில் நம் வேலையைத் தொடுவது ஏதேனும் உண்டா என்று பார்த்தாலே போதும். இல்லையென்றால், பழைய பதிப்பு மலிவாகக் கிடைப்பதை லாபமென்றே எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சில்லுகள்

சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் நம்மவர்கள் பிராஸசர்களை வடிவமைத்து வருகிறார்கள். 2018-ல் ரிமோ, 2020-ல் மௌஷிக், 2025-ல் ஐரிஸ் என்று அவை வெளிவந்தன. ஐரிஸ் சில்லு விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவுடன் சேர்ந்து செய்தது. சண்டிகருக்கு அருகே மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் உருவானது. வடிவமும் நம்முடையது, அச்சும் நம்முடையது என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

நாளைக்கு இவை கடைவீதிக்கு வரும்போது, 'சுதேசிச் சரக்கு' என்ற ஒரே காரணத்துக்காக வாங்கச் சொல்வது இவற்றுக்குச் செய்யும் உபகாரமாகாது. இவற்றிலும் பிழைகள் இருக்கும். இல்லாத சில்லு உலகில் இல்லை. அந்தப் பிழைகளை ஒன்றுவிடாமல் அச்சிட்டுக் கொடுக்கிறார்களா, எந்தப் பதிப்பில் எது தீர்ந்தது என்று சொல்கிறார்களா, தீராததை மாற்றித் தருகிறார்களா என்று நாம் கேட்க வேண்டும். ஆம்பூரில் தோல் வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரி, நாம் நல்லவர்கள் என்பதற்காகச் சரக்கை ஏற்றுக்கொள்வதில்லை. புரட்டிப் பார்க்கிறான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான், அப்படிப் பார்க்கிறவனுக்கு விற்று விற்றுத்தான் ஆம்பூர்த் தோல் பேர் வாங்கியது. சில்லுக்கும் அப்படிப் பேர் வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள், கடையில் நின்று "எந்தப் பதிப்பு?" என்று கேட்கும் குடும்பஸ்தர்களே.